மாதம் எவ்வளவு என்ற கேள்வி

விளம்பரப் பலகையில் காணும் விலைக்கும் வாகனம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது குடும்பம் செலுத்தி முடிக்கும் தொகைக்கும் உள்ள தூரத்தை, விற்பனையகத்தின் மேசைக்கு எதிரே அமர்ந்த பிறகுதான் மலேசியக் குடும்பங்கள் அறிந்துகொள்கின்றன என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க நிலையன்று. உள்நாட்டில் பொருத்தப்படும் வாகனங்களையும் விட்டுவைக்காத கலால் வரி, 10 விழுக்காடு விற்பனை வரி, பதிவுக் கட்டணம், சாலை வரி ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கியதே 'காப்புறுதி நீங்கலான சாலை விலை' எனப்படுவது. அதாவது, காப்புறுதிச் சந்தாவை மட்டும் சேர்த்துவிட்டால் வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்லலாம் என்று பொருள். அதற்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு தொகையும் அரசு கேட்பதன்று, விற்பவர் கேட்பது.

புதிய வாகனங்களில் இந்தக் கூடுதல் பெரும்பாலும் துணைப்பொருள் தொகுப்பு என்ற வடிவில் வருகிறது. கண்ணாடிக்கு ஒட்டும் கருந்தாள், மேற்பூச்சு, தரைவிரிப்பு, கதவோரத் தகடு என்று சில பொருள்களை ஒன்றாகக் கட்டி, இவற்றை எடுத்துக்கொண்டால் வண்டி விரைவில் கிடைக்கும், இல்லையென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்படும்போது, ஏழு பேர் அமரும் வண்டிக்காக ஏற்கெனவே காத்துச் சலித்த குடும்பம் தலையசைத்துவிடுகிறது. முன்பதிவுப் பணத்திலும் இதே நிலைதான். 2010-இல் திருத்தப்பட்ட வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி முன்பதிவுக் கட்டணம் ரொக்க விலையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2022 ஜூலையில் 62,500 ரிங்கிட் தொடக்க விலையில் வெளியான புதிய பெரோடுவா அல்சாவுக்கு இந்தக் கணக்குப்படி 625 ரிங்கிட்டுக்கு மேல் எவரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் இந்த ஒரு விழுக்காட்டு வரம்பைத் தெரிந்துகொண்டு விற்பனையகத்துக்குள் நுழையும் குடும்பங்கள் மிகக் குறைவு.

இந்த வாரம் இப்பத்தியின் எரிச்சலுக்குக் காரணமானது புதிய வாகனமன்று, ஜொகூர் பாருவின் பழைய கார் விற்பனை நிலையம் ஒன்று எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு. அதில் 'செயலாக்கக் கட்டணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரே ஆயிரக்கணக்கில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது; எதைச் செயலாக்குவதற்கு என்ற விளக்கம் எதுவும் இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜே.பி.ஜே.யில் காரின் உரிமையை மாற்ற ஆகும் கட்டணம் 100 ரிங்கிட். அதற்கு முன் செய்யவேண்டிய வாகனப் பரிசோதனையும் பெருந்தொகையன்று. இவ்விரண்டையும் கூட்டி, அலைச்சலுக்கு நியாயமான கூலியையும் சேர்த்தால்கூட அந்த விலைச்சீட்டின் தொகையை எட்டுவது கடினம். உழைத்தவர் கூலி கேட்பது தவறன்று. ஆனால் கூலி என்ற பெயரில் கேட்காமல், அரசுக் கட்டணம்போல் ஒலிக்கும் பெயருக்குள் அதை மறைத்துக் கேட்பது தவறுதான். தெப்ராவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் இத்தகைய சீட்டை வாங்கும் எவரும், ஒவ்வொரு வரிக்கும் அதிகாரபூர்வ ரசீது உண்டா என்று கேட்கும் உரிமை உடையவர்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் தொகைகள் என்பதால் இவற்றோடு சண்டையிட முடிகிறது. விற்பனையாளர் 2,000 ரிங்கிட் துணைப்பொருள் தொகுப்பை எழுதும்போது குடும்பத்தார் முகம் சுளிக்கிறார்கள். உடனே, அதையும் கடனிலேயே சேர்த்துவிடலாம், மாதத்துக்குச் சில வெள்ளிதான் கூடும் என்ற பதில் வருகிறது, முகம் தெளிந்துவிடுகிறது. 3 விழுக்காடு வட்டியில் ஒன்பது ஆண்டுகளுக்கு நீட்டினால் அந்த 2,000 ரிங்கிட் 2,540 ரிங்கிட்டாகிறது என்பதை யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. உண்மையில், கவனிக்க வேண்டியது இந்த 540 ரிங்கிட்டுமன்று. அதைப் பெற்றெடுக்கும் அந்த 3 விழுக்காடு என்ற எண். துணைப்பொருளும் செயலாக்கக் கட்டணமும் இனி ஒருபுறம் கிடக்கட்டும்.

மலேசியாவில் வாகனக் கடன் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது சட்டத்தின் பார்வையில் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஓர் ஒப்பந்தம். கடைசித் தவணை கட்டும் வரை வண்டியின் உரிமையாளர் வங்கி. குடும்பத்தினர் அதை வாடகைக்கு எடுத்தவர்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக வழங்கிவந்த முறை நிலை வட்டி முறையாகும்: தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும், எல்லா ஆண்டுகளுக்கும், ஒரே விகிதத்தில் வட்டி கணக்கிட்டு, அதை அசலோடு கூட்டி, மாதங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 60,000 ரிங்கிட்டை 3 விழுக்காட்டில் ஒன்பது ஆண்டுகளுக்கு எடுத்தால் வட்டி 16,200 ரிங்கிட், மொத்தம் 76,200 ரிங்கிட், மாதத் தவணை ஏறத்தாழ 706 ரிங்கிட். ஆனால் மாதந்தோறும் அசலில் ஒரு பகுதி திரும்பிக்கொண்டே இருக்கிறது. எட்டாம் ஆண்டில் குடும்பத்தின் கையில் இருப்பது 60,000 ரிங்கிட் கடனன்று, அதன் சிறு பகுதியே. அப்படியிருந்தும் வட்டி அந்த முழுத் தொகைக்கே கணக்கிடப்பட்டிருக்கிறது. மிச்சமுள்ள கடனுக்கு மட்டும் வட்டி என்ற கணக்கில் பார்த்தால், இதே ஒப்பந்தத்தின் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 விழுக்காடு. வீட்டுக் கடனின் 4 விழுக்காட்டைவிட வாகனக் கடனின் 3 விழுக்காடு மலிவு என்று நம்பிப் பேசுபவர்கள், வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த இரண்டு எண்களை ஒப்பிடுகிறார்கள்.

இதனோடு சேர்ந்தே வருவது '78-ஆம் விதி'. கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் எவ்வளவு வட்டியைத் தள்ளுபடி செய்வது என்பதைத் தீர்மானிக்கும் விதி இது. ஓராண்டுக் கடனுக்கு 1 முதல் 12 வரையிலான எண்களைக் கூட்டினால் 78 வரும். முதல் மாதத்தில் மொத்த வட்டியில் 78-இல் 12 பங்கையும், கடைசி மாதத்தில் 78-இல் 1 பங்கையும் வங்கி ஈட்டிவிட்டதாகக் கொள்வதே இதன் அடிப்படை. கணிப்பொறி இல்லாத காலத்தில் கணக்கர்கள் தாளில் போட்டுப் பார்க்க வசதியாக இருந்த இந்த முறை, ஓராண்டுக் கடனில் பெரிய தீங்கு செய்வதில்லை. ஒன்பது ஆண்டுக் கடனில் 1 முதல் 108 வரை கூட்ட வேண்டும், அது 5,886. மேலே சொன்ன கடனில் முதல் மாத வட்டி ஏறத்தாழ 297 ரிங்கிட். 108-ஆம் மாதத்தில் 3 ரிங்கிட்டுக்கும் குறைவு. சரிபாதிக் காலம் முடியும்போது, அதாவது 54-ஆம் தவணையில், மொத்த வட்டியில் முக்கால் பங்கு வசூலாகிவிட்டிருக்கும். ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டி, 42,000 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடைக்கலாம் என்று வங்கிக்குச் செல்பவரிடம் இன்னும் 30,630 ரிங்கிட் அசல் இருப்பதாகச் சொல்லப்படும். வாங்கிய கடனில் பாதிக்கும் மேல் அப்படியே இருக்கிறதே என்று அவர் திகைத்துப்போவது இயல்பு.

ஆனால் அந்தத் திகைப்பின் முழுப் பழியையும் 78-ஆம் விதியின் தலையில் போடுவது கணக்குக்கு நியாயம் செய்வதாகாது. 5.5 விழுக்காட்டில் மிச்சக் கடன் முறைப்படி கணக்கிட்டாலும் அதே நாளில் 30,338 ரிங்கிட் பாக்கி இருக்கும்; இந்த விதி கூடுதலாக எடுப்பது ஏறத்தாழ 290 ரிங்கிட். அந்த 290 ரிங்கிட்டும் அநியாயமே. 61 மாதங்களுக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் இந்த விதியை அமெரிக்கா 1992-இல் சட்டமியற்றித் தடை செய்தது. பிரிட்டனும் 2004-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளால் அதைக் கைவிட்டது. மலேசிய அரசும் சட்டத்தைத் திருத்தி இதையும் நிலை வட்டியையும் அகற்றுவதாக அறிவித்தது. எனினும் குடும்பத்தின் பணத்தைப் பெருமளவில் கரைப்பது அந்த விதியன்று, 5.5-ஐ 3 என்று சொல்லும் வழக்கமும், ஐந்து ஆண்டில் முடிக்கக்கூடிய கடனை ஒன்பது ஆண்டுக்கு இழுக்கும் வழக்கமும்தான். இதே 60,000 ரிங்கிட்டை இதே விகிதத்தில் ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி 9,000 ரிங்கிட். தவணை 1,150 ரிங்கிட். ஒன்பது ஆண்டுக்குப் போகும்போது தவணை குறைகிறது, வட்டி 7,200 ரிங்கிட் கூடுகிறது. எந்தத் துணைப்பொருள் தொகுப்பும், எந்தச் செயலாக்கக் கட்டணமும் இந்தத் தொகையின் அருகில் வராது. ஆனாலும் விற்பனையகத்தில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் கருந்தாளைப் பற்றியதாகவே இருக்கிறது.

கணக்குத் தெரியாத சமூகம் என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் தோட்ட வாழ்க்கையை அறியாதவர்கள். குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறை 'கூட்டு' பிடித்த தலைமுறை. உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரே அளவு பணம் போட, திரண்ட தொகையை மாதத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் ஏல வகையில், மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ அவசரப்பட்டவர் கழிவு கேட்டுத் தொகையை முன்னதாக எடுப்பார். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பங்காகப் போகும். பணத்தை முன்கூட்டி எடுப்பதற்கான விலை என்ன என்பது அங்கே எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. எழுத்தறியாத பால்மரத் தொழிலாளிக்கும் தாம் இழந்தது எவ்வளவு என்று வெள்ளிக்கணக்கில் தெரிந்திருந்தது. கூட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர்களும் இருந்தார்கள்; அத்தகைய ஆபத்துகளைக் கருதி 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது, அதில் குறைகாண இடமில்லை. ஆனால் அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள், பட்டம் பெற்றவர்களும் சிங்கப்பூருக்கு நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்பவர்களுமாக இருந்தும், தங்கள் காருக்கு மொத்த வட்டி எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்லத் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய கணக்கறிவு குறையவில்லை. 'மாதம் எவ்வளவு?' என்ற கேள்வியை மட்டுமே கேட்குமாறு அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விற்பனையாளரிடம் எப்போதும் இனிமையான விடை இருக்கிறது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடும் பழக்கத்தைப் பற்றி இப்பத்தி எத்தனை முறை எழுதியிருக்கிறது என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். மீண்டும் எழுத நேர்வதில் வருத்தம் இருந்தாலும் தயக்கம் இல்லை. வாடகைக் கொள்முதல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை என்பது, ரொக்க விலை, முன்பணம், வட்டித் தொகை, மொத்தமாகச் செலுத்த வேண்டியது ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் அறிவிப்பு. ஒப்பந்தத்துக்கு முன்பே அது குடும்பத்தின் கைக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் ஒப்பந்தமே செல்லாது. முழுமையாக நிரப்பப்படாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனாலும் விரலால் சுட்டப்பட்ட இடங்களிலெல்லாம் வரிசையாகக் கையெழுத்திட்டுவிட்டு, எண்களைப் பிறகு யாரோ நிரப்பட்டும் என்று எழுந்து வருவது ஜொகூரில் இன்றும் வாடிக்கையாக இருக்கிறது. அந்த அட்டவணை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். 'பயனீட்டாளர் குரல்' வழியாகத் தமிழில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் செய்துவரும் பணியைப்போல, ஜொகூரின் தமிழ் அமைப்புகளும் ஆலய நிர்வாகங்களும் இந்த ஒரு தாளின் தமிழ் விளக்கத்தை அச்சிட்டு வீடுதோறும் கொடுத்தால், அது ஓர் ஆண்டுக்கூட்டத்தைவிடப் பயன் தரும்.

ஏற்கெனவே நிலை வட்டியில் கையெழுத்திட்டுவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. ஊக்கத்தொகை வந்ததென்று ஏழாம் ஆண்டின் முடிவில் அவசரமாகக் கடனை அடைக்க ஓட வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் அப்போது மிஞ்சும் 24 தவணைகளையும் ஒரேயடியாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி 826 ரிங்கிட் மட்டுமே. அடைப்பதானால் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அடைப்பதே ஆதாயம். ரசீதில்லாத கட்டணத்துக்குப் பணம் கொடுத்துவிட்டவர்கள், 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். இனி வாங்கப்போகிறவர்கள் இரண்டாம் அட்டவணையைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் கையெழுத்திடுங்கள். ஒருநாள் காத்திருக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம்.