காஸ்ட்லி மதர்போர்டு வாங்கியாச்சா? வேகத்தைக் கூட்டும் முன் குறைக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது!

விலை உயர்ந்த மதர்போர்டு, அதற்கேற்ற பிராசஸர், பளபளக்கும் கூலர் எல்லாம் வாங்கிப் பொருத்தி, ஸ்விட்ச்சையும் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் பறக்கிறது. ‘நாங்கள் எந்த செட்டிங்கையும் தொடவில்லை, கம்பெனி கொடுத்தபடியேதான் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?’ என்று கேட்பவர்கள் உண்டு.

சிக்கலே அங்குதான் இருக்கிறது. கேமிங் பிரியர்களுக்காகவே தயாராகும் உயர்ரக போர்டுகள் பலவற்றில், கம்பெனி கொடுத்த செட்டிங்கே பிராசஸரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டும்படி இருந்திருக்கிறது. 2024-ம் ஆண்டில் உலகம் முழுக்க இன்டெல் பிராசஸர்கள் பழுதான விவகாரத்தில் இதுவும் ஒரு காரணம்.

தர்மபுரி மாவட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிப்பது நல்லது. பாலக்கோட்டிலோ, அரூரிலோ, பென்னாகரத்திலோ ஒருவர் இப்படியொரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறார் என்றால், பாகங்களை ஆன்லைனில் வாங்கியிருப்பார். இல்லையென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று அலைந்து வாங்கியிருப்பார். பழுதானால் பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே சரியாக செட் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஓவர்க்ளாக்கிங் என்றால் என்ன?

பிராசஸருக்கு உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஓர் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் பிராசஸரின் வேகம். 55-ஆல் பெருக்கினால் 5.5 ஜிகாஹெர்ட்ஸ். அந்தப் பெருக்கும் எண்ணை, கம்பெனி நிர்ணயித்ததைவிடக் கூட்டி வைப்பதுதான் ஓவர்க்ளாக்கிங்.

இது இன்று நேற்று வந்த ஆசை அல்ல. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலை பிராசஸர், 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. அப்போது அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அதை 100 ஆக மாற்றினாலே போதும், பல பிராசஸர்கள் 450 மெகாஹெர்ட்ஸில் அசராமல் ஓடின. கொடுத்த காசுக்கு ஒன்றரை மடங்கு வேகம்! ஓவர்க்ளாக்கிங் ஆசை பலருக்கும் பற்றிக்கொண்டது அப்போதுதான்.

இன்று அதன் உச்சம் வேறு மாதிரி. 2022 டிசம்பரில் இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸரை முதல்முறையாக 9 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அதைக் குளிர்விக்கப் பயன்பட்டது திரவ ஹீலியம். அதன் கொதிநிலையே மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்! அது சில நொடிகள் நடக்கும் சாகசம். வீட்டில் தினமும் வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் இவ்வளவு குளிர்விக்க வேண்டும்? வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். மின்செலவும் சூடும் வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வோல்டேஜ் 10 சதவிகிதம் கூடினால், அதனால் மட்டுமே சுமார் 21 சதவிகிதம் சூடு கூடும். வேகம் கூடியதால் வரும் சூடு தனி.

ரிலே இல்லாத மோட்டார்

இதைப் புரிந்துகொள்ள, வயலில் இருக்கும் போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் இழுத்தால், ரிலே ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்திவிடும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று யாராவது ரிலேயைக் கூட்டி வைத்துவிட்டால், தண்ணீர் தடையில்லாமல் வரும். ஒருநாள் காயில் எரிந்துபோகும்.

பிராசஸருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு இன்டெல் சொல்லியிருக்கும் உச்ச டர்போ பவர் 253 வாட்ஸ். ஆனால், உயர்ரக மதர்போர்டுகள் பலவற்றில் அந்த இடத்தில் இருந்த எண், 4096 வாட்ஸ்! எந்த பிராசஸரும் அவ்வளவு இழுக்கப்போவதில்லை. ‘எல்லையே கிடையாது, முடிந்த மட்டும் இழுத்துக்கொள்’ என்பதுதான் அதன் அர்த்தம். விமர்சனங்களில் ஒரு போர்டு இன்னொன்றைவிடக் கொஞ்சம் வேகமாகத் தெரிய இது உதவும். அதற்கான விலையைக் கொடுப்பது பிராசஸர்.

2024 தொடக்கத்தில் 13, 14-ம் தலைமுறை இன்டெல் பிராசஸர் வைத்திருந்தவர்கள் பலர் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். கேம் திறக்கும்போதே நின்றுவிடும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். கிராபிக்ஸ் கார்டுதான் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். உண்மையில் பழுது பிராசஸரில்!

ஏப்ரலில் இன்டெல், மதர்போர்டுகளில் பாதுகாப்பு எல்லைகள் தளர்த்தப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஆனால், பழி முழுக்க போர்டு கம்பெனிகள் மேல் இல்லை என்பது பிறகு தெளிவானது. பிராசஸருக்குள் இயங்கும் மைக்ரோகோட் என்ற நிரலே தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கான திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. முடிவாக இன்டெல் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, எல்லை மீறிய மதர்போர்டு செட்டிங்.

அப்டேட் செய்தால் இனிமேல் சேதம் நடக்காமல் தடுக்கலாம். ஏற்கெனவே சேதமான பிராசஸரை அது பழையபடி ஆக்காது. பாதிப்புக்கு உள்ளாகும் மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அதாவது, வழக்கமான மூன்று ஆண்டு வாரன்டி ஐந்து ஆண்டாகிறது.

ஏ.எம்.டி பக்கமும் இதே கதை உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, சாக்கெட்டோடு கருகின. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்தபோது, எஸ்.ஓ.சி. வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனது. அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று புதிய பயாஸில் ஏ.எம்.டி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எந்த வரிசையில் செட் செய்வது?

1. சாக்கெட்டைத் தொடாதீர்கள்: இப்போது இன்டெல், ஏ.எம்.டி இரண்டிலுமே மெல்லிய பின்கள் மதர்போர்டு சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒரு பின் வளைந்தாலும் வாரன்டி கிடைப்பது கஷ்டம். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் எறிந்துவிடாமல் எடுத்துவையுங்கள். போர்டைத் திருப்பி அனுப்பும்போது தேவைப்படும்.

2. இரண்டு ரேம் போதும்: நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து 2-வது, 4-வது ஸ்லாட்களில் போட வேண்டும். நான்கையும் நிரப்பினால் டிடிஆர்5 ரேமின் வேகம் குறையவே வாய்ப்பு அதிகம்.

3. முதல் ஸ்டார்ட்டில் பதறாதீர்கள்: டிடிஆர்5 போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். ‘போர்டு டெட்’ என்று நினைத்து நடுவில் ஸ்விட்ச்சை அணைத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

4. பயாஸ் அப்டேட்: விண்டோஸ் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடலாம். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான புதிய பயாஸை யூ.எஸ்.பி. டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டு முடங்கிவிடலாம் என்பதால் யு.பி.எஸ்ஸில்தான் செய்ய வேண்டும். உயர்ரக போர்டுகளில் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கும். முடங்கிய போர்டை மீட்க உதவும் இந்தப் பட்டன், போர்டு வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டிய ஒன்று.

5. எல்லையைக் கட்டுங்கள்: டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போனால், இன்டெல் போர்டுகளில் ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். பிஎல்1, பிஎல்2 என்ற இடங்களில் 4096 என்றிருந்தால், உங்கள் பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் எண்ணுக்கு இறக்குங்கள். ஏ.எம்.டி-யில் ‘எக்கோ மோட்’ தேர்ந்தெடுத்தாலே மின்சாரம் கணிசமாகக் குறையும்.

6. அதன்பிறகுதான் ரேம் வேகம்: 6000 என்று அட்டையில் போட்ட ரேம், எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாதவரை 4800 போன்ற சாதாரண வேகத்தில்தான் ஓடும். ஆன் செய்த பிறகு மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவில் ரேம் தடுமாறினால், கம்ப்யூட்டர் நிற்காமலே ஃபைல் கெட்டுப்போகலாம். அந்த முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

சித்திரை வெயிலும் கரன்ட் பில்லும்

ஏர் கூலரோ, லிக்விட் கூலரோ, எதுவாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க முடியாது. ஏ.சி. அறையில் 25 டிகிரியில் சோதித்த ஒருவருக்கு பிராசஸர் 80 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கம்ப்யூட்டர் சித்திரை மாத மதியத்தில், மொட்டை மாடி அறையின் 38 டிகிரியில், தோராயமாக 93 டிகிரி காட்டும். 100 டிகிரியைத் தொட்டால் ஐ9 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியில் செய்து பார்த்த ஓவர்க்ளாக்கிங் சித்திரையில் காலை வாரிவிடுவது இதனால்தான்.

இன்னொன்று, எர்த். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ‘சுர்’ என்கிறதா? வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம். மதர்போர்டில் கைவைக்கும் முன் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். அது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு.

பில் கணக்கையும் பார்த்துவிடலாம். எல்லை கட்டியதில் 100 வாட்ஸ் குறைந்தால், தினமும் 5 மணி நேரம் முழு வேகத்தில் வேலை என்ற கணக்கில், 60 நாளில் 30 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்தான் இலவசம். அதற்கு மேல் ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பதால், இந்த 30 யூனிட் சின்ன விஷயம் அல்ல.

இருந்தாலும் ஆசை விடவில்லையா?

தவறில்லை. கற்றுக்கொள்ள நல்ல பொழுதுபோக்குதான். சில விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்து உள்ள பிராசஸரும் ‘இசட்’ வரிசை போர்டும் இருந்தால்தான் பெருக்கும் எண்ணை ஏற்ற முடியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை, ஒரு படி மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் சினிபெஞ்ச் ஓடவிட்டு, எச்.டபிள்யூ.இன்ஃபோவில் சூட்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழவே மறுத்தால், கிளியர் சிமாஸ் பட்டனை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும்.

ஓவர்க்ளாக்கிங்கால் பழுதானால் வாரன்டி கிடைக்காமல் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மாறாக, வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் அண்டர்வோல்ட்டிங், நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற விளையாட்டு. சூடு குறைவதால், பிராசஸர் தன் டர்போ வேகத்தில் கூடுதல் நேரம் நிற்கும்.

வீட்டில் ஏற்கெனவே 13 அல்லது 14-ம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9, அல்லது 13600கே, 14600கே போன்ற ஐ5 டெஸ்க்டாப் இருக்கிறதா? இன்றே பயாஸின் தேதியைப் பாருங்கள். 2024 செப்டம்பருக்கு முந்தையது என்றால் உடனே அப்டேட் செய்யுங்கள். அதன் பிறகும் கேம், எடிட்டிங் மென்பொருள் அடிக்கடி நின்றால், கிராபிக்ஸ் கார்டை மாற்றிச் செலவு செய்யும் முன் பிராசஸரின் வாரன்டியைக் கேட்டுப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால், புது பிராசஸரே கிடைக்கலாம்!