ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு பொம்மையா?

போன நவராத்திரிக்கு கொலு பக்கத்துல பார்க் வைக்க உட்கார்ந்தோம். மதுரையில மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க வெச்சு, தீப்பெட்டியில வீடு கட்டின ஆளு நான். திருவனந்தபுரம் ஃப்ளாட்ல மணலுக்கு எங்க போறது? "உன் லெகோவை எடுத்துட்டு வாடா, பத்மநாபசாமி கோயில் ஏழு நிலை கோபுரம் கட்டலாம்"னேன் பையன்கிட்ட. ஸ்டார் வார்ஸ் விண்கலத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. "பிரிச்சா அது அது இல்லப்பா!"

அவன் மேல தப்பே இல்லை. நாங்க வாங்கிக் கொடுத்தது கட்டை இல்லை, சினிமா.

இது எப்படி ஆச்சுன்னு பாருங்க. டென்மார்க்ல 1932ல ஒரு தச்சர் ஆரம்பிச்ச கம்பெனி. இப்ப இருக்கிற கட்டைக்கு 1958ல காப்புரிமை கேட்டாங்க. அப்புறம் நாற்பது வருஷம் ஊர், கோட்டை, விண்வெளின்னு சொந்தச் சரக்குதான். 1999ல ஸ்டார் வார்ஸ், 2001ல ஹாரி பாட்டர்னு உரிமம் வாங்கினாங்க. வித்துத் தள்ளிச்சு. 2003ல ரெண்டுலயும் புதுப் படம் வரலை. வேற காரணங்களும் சேர்ந்து அந்த வருஷம் பெரிய நஷ்டம். இரவல் கூட்டம் படத்தோட வரும், படத்தோட போகும்!

"உரிமம் இல்லேன்னா கம்பெனியே இருந்திருக்காது"ன்னு ஆபீஸ் நண்பர் சண்டைக்கு வர்றார். பாதி நிஜம். ஆனா 2011ல வந்த நிஞ்சாகோ அவங்களே உண்டாக்கின கதை. அதுவும்தான் சக்கைப்போடு போடுது.

எட்டுக் குமிழ் வெச்ச ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தா 91,51,03,765 விதமாச் சேர்க்கலாம். வெறும் ஆறு கட்டைக்கு! நாம ஆயிரக்கணக்குல கொட்டி வாங்குறது, பெட்டி மேல படம் போட்டிருக்கிற அந்த ஒரே ஒரு விதத்தை.

ஊர் விட்டு வந்த நமக்கு இது இன்னும் உறைக்கணும். பிள்ளைக்கு வெளியில மலையாளம், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். நம்ம ஊர்க் கதை சொல்லக் கிடைக்கிறது தரையில கட்டை பரப்புற அந்த அரை மணி நேரம். அதையும் டிஸ்னிக்கு எழுதிக் கொடுக்கணுமா?

சினிமாப் பெட்டியே வேண்டாம்னு சொல்லலை. அது ஒண்ணு வாங்கினா, சாதாரணக் கட்டை டப்பாவும் ஒண்ணு வாங்குங்க. பக்கத்துல உட்காருங்க.

அழுகை ஓஞ்சதும் பழைய டப்பாக் கட்டையை வெச்சுக் கட்டினோம். நாலு நிலைதான் வந்துச்சு. வாசல்ல காவலுக்கு ஒரு ஸ்டார் வார்ஸ் ஆள் :-) மிச்சம் மூணு நிலைக்கு விண்கலத்தைப் பிரிக்கலாமான்னு இந்த வருஷம் அவனே கேட்டிருக்கான்.