கேமரா பழுதாகவில்லை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே லேத் பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் என் கையைப் பற்றித் தனியே அழைத்துச் சென்றார். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் முடித்த அவருடைய மகன், மேற்படிப்புக்காக ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"தினமும் பேசுகிறான் பாய். நன்றாக இருக்கிறேன் என்கிறான். முகத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறான். கேமரா பழுதாம். நான்கு மாதமாகவா பழுது?" என்றார்.

கேமரா பழுதாகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது.

அந்நாட்டுக்குச் செல்லும் மாணவர், விசா பெறுவதற்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். நம் பணத்தில் பத்து இலட்சத்திற்கு மேல். வட்டிக் கடனுக்கு அஞ்சிய இந்தக் குடும்பம், தாயின் நகைகளையும் பூந்தமல்லிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையையும் விற்றது. எது எது விற்கப்பட்டது என்பது பையனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் அவனிடம் ஒரே ஒரு விடைதான் இருக்கும்.

அவன் எப்படி இருக்கிறான் என்பதை அவனுடைய பொழுதைக் கொண்டு அறியலாம். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினோரு மணி நேரத்திற்குக் குறைவதில்லை. பெர்லினில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். நண்பகல் கடந்ததும் லுஹர், இரண்டு மணியை ஒட்டி அஸர், நான்கு மணிக்குச் சற்று முன் மஃரிப். ஒரே பிற்பகல் வகுப்புக்குள் மூன்று வக்துகள் வந்துவிடுகின்றன! அம்பத்தூரில் இஷா முடித்து இரவு ஒன்பது மணிக்குத் தாய் அழைக்கும்போது அங்கே பிற்பகல் நாலரை. ஆயினும் ஜன்னலுக்கு வெளியே இருள் கவிந்துகொண்டிருக்கும். ஜூன் மாதத்திலோ இதற்கு நேர்மாறு. இரவு ஒன்பதரைக்கு மேல் சூரியன் மறைந்தாலும், வானத்து வெளிச்சம் விடியும்வரை முற்றாக அடங்குவதில்லை. இஷாவின் வக்து எப்போது, ஸுப்ஹு எப்போது என்று ஐரோப்பிய ஆலிம்கள் கூடிக் கணக்கிட்டு அட்டவணை வகுத்திருக்கிறார்கள். நோன்பைப் பொறுத்தவரை இப்போது செல்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2015ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில், கோடையில் வந்த ரமழானை அங்கே பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக நோற்றார்கள். இப்பொழுது அது குளிர்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே மஹல்லா இமாமிடம் உட்கார்ந்து கேட்டுச் செல்ல வேண்டும். பெட்டியின் எடையை நான்கு முறை நிறுத்துப் பார்க்கிறோம். இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதில்லை. பிள்ளை கைப்பேசியில் தேடிக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். அங்கே அவன் ஒரு வக்தைத் தவறவிடுகிறான், பிறகு மற்றொன்றை. அதன்பின் தாயின் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறான். கேமரா பழுதாவது இங்கிருந்துதான் என்பது என் எண்ணம்.

உணவுக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 1961இல் ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி சென்ற துருக்கியரின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். பெர்லினில் ஹலால் இறைச்சிக் கடை தேடி அலைய வேண்டாம். மிட்டாயிலும் தயிர் வகைகளிலும் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்து வாங்கப் பழகினால் போதும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்காதவன் பட்டினி. தாய்மார்களே, நம் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆணமும் சோறும் ஆக்கத் தெரியாது என்பது பெருமை பேசும் செய்தியல்ல.

அதைவிடக் கடினமானது அந்த ஊரின் நிசப்தம். மின்சார ரயிலின் ஓசை, பட்டறை இரைச்சல், மின்விசிறிச் சத்தம் இவற்றிடையே உறங்கி வளர்ந்தவன் அவன்.

இதே பெர்லினுக்கு 1922இல் ஓர் இளைஞர் படிக்கச் சென்றார். பின்னாளில், 1967இல், நம் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள்தாம். ஜெர்மானிய நாணயம் மதிப்பிழந்து காகிதமாகிப்போன 1923ஆம் ஆண்டை அவர் அங்கேயே கண்டார். அவர் தனித்திருக்கவில்லை. ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகிய நண்பர்கள் உடன் இருந்தனர். படிப்புக்கிடையே மிர்ஸா காலிபின் கவிதைத் தொகுப்பை அந்நகரிலேயே அச்சிட்டார். 1926இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பி, அந்த நண்பர்களோடு ஜாமிஆ மில்லியாவின் பணியில் இறங்கினார். இன்றைய பையனுக்கு நண்பரைத் தேடப் பொழுதில்லை. ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு. விற்ற நகையை மீட்டுத் தரும் எண்ணத்தில் அத்தனையையும் கிடங்கு வேலையில் கழித்துவிட்டு, வகுப்பில் தூங்குகிறான்.

அன்பரிடம் சொன்னேன்: "மனை விற்றதைப் பற்றி இனி வீட்டில் எவரும் பேச வேண்டாம். முகத்தைக் காட்டு என்றும் கேட்க வேண்டாம். அங்குள்ள பள்ளிவாசலில் யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்றால், ஜும்ஆவுக்குப் பின் ஒருவருக்கு ஸலாம் சொல்லிப் பெயர் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு பாடம் தவறினால் மீண்டும் எழுதலாம், அத்தா கோபிக்க மாட்டேன் என்பதையும் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்."

கடைசியாகச் சொன்னது அவருக்கு உவப்பாக இல்லை. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரங்களுக்குப் பின் மீண்டும் சந்தித்தோம். மகன் ஒரு பாடத்தில் தவறியிருந்தானாம். அதைச் சொன்ன அன்றே கேமராவும் சரியாகிவிட்டதாம். "இளைத்துப்போய்விட்டான் பாய், கன்னமெல்லாம் ஒட்டியிருக்கிறது" என்றார்.

"அவனிடம் அதைச் சொன்னீர்களா?"

"இல்லை. பட்டறையில் புது லேத் இறக்கினோம் அல்லவா, அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்" என்றார்.