மானியமும் தீர்ப்பும்

பொதுப்பணத்தைப் பெறும் ஆய்வாளர் அதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயின், பணம் கொடுத்தவரே ஆய்வின் முடிவையும் வகுத்துக் கொடுக்கலாம் என்பது முற்றிலும் வேறொரு வாதமாகும். இஸ்லாம் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் இத்துறைக்கான கூட்டாட்சி அரசின் மானியம் அறிவு வேட்கையிற் பிறந்ததன்று, அச்சத்திற் பிறந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிற்று. மறு ஆண்டே அமெரிக்காவில் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியாகவே அரபு முதலிய மொழிகளுக்கும் பிராந்திய ஆய்வு மையங்களுக்கும் நிதி கிடைத்தது. இவ்வாறு பிறந்த மானியத்துக்கு, பாதுகாப்புக்கு உதவாத கல்வி சுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

2019இல் அது வெளிப்பட்டது. டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய மத்திய கிழக்கு ஆய்வு அமைப்புக்குக் கல்வித் திணைக்களம் கடிதமொன்றை அனுப்பியது. அங்கு இஸ்லாத்தின் நற்கூறுகளே அழுத்தம் பெறுகின்றன, கிறிஸ்தவம், யூதம் ஆகியவற்றுக்கு அத்தகைய இடமில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. உதுமானியப் பெண் கவிஞர் மிஹ்ரி ஹாத்தூன் பற்றிய ஆய்வும் மானியத்தின் நோக்கத்துக்குப் புறம்பானதெனச் சுட்டப்பட்டது. 235,000 டொலர் மானியம் தொடருமா என்பதே இதனால் வினாவாயிற்று.

பொதுப்பணம் மதப்பிரசாரத்துக்குரியதன்று என்பது நியாயமே. பல்கலைக்கழகம் பிரசங்க மேடையன்று. ஆனால், புகழ்ச்சி எவ்வளவு, இகழ்ச்சி எவ்வளவு எனத் தராசில் நிறுப்பது திணைக்களத்தின் தொழிலன்று. ஆய்வின் தரத்தை அத்துறை வல்லாரே மதிப்பிடவேண்டும். ஒரு மக்களின் கவிதையைத் தள்ளிவிட்டு அவர்தம் மொழியை அறிய முயல்வோர், அம்மக்களை ஒருபோதும் அறியார்.

அவ்வாறெனின் அரசு விலகிக்கொள்ளட்டும் என்பாருமுளர். அரசு விலகிய இடம் வெறுமையாக இராது. 2005இல் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் ஹார்வர்ட், ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகங்களுக்குத் தலா 2 கோடி டொலர் வழங்கினார். தனவந்தரின் நன்கொடை எத்துணை நல்நோக்கமுடையதாயினும், அதன் பயன் குறித்து வினவும் உரிமை குடிமக்களுக்கு இல்லை. பொதுப்பணம் குறித்தே அவ்வுரிமை அவர்களுக்கு உண்டு.

பொதுப்பணம் ஆய்வாளரை அடிமைப்படுத்தியே தீரும் என்பதும் பொருந்தாது. 2021இல் பிரான்சின் உயர்கல்வி அமைச்சர், பல்கலைக்கழகங்களில் ‘இஸ்லாமிய இடதுசாரியம்’ பரவியிருப்பது குறித்து ஆராயுமாறு தேசிய அறிவியல் ஆய்வு மையத்தைக் கோரினார். அச்சொல் குறிக்கும் அறிவியல் உண்மை எதுவுமில்லையென அம்மையம் பகிரங்கமாக அறிவித்தது. அரசின் நிதியில் இயங்கும் நிறுவனமே அவ்வாறு கூறிற்று என்பது மனங்கொளத்தக்கது. அரசு கேட்கவேண்டியது கணக்கை, கேட்கக்கூடாதது தீர்ப்பை.