அப்பா என்று கூப்பிட்டுவிட்டு ஏன் நடுங்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"இந்த ஜெபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அலட்சியப்படுத்தினால் கெட்ட செய்தி வரும்" என்று நம் குடும்பக் குழுவில் மறுபடியும் ஒரு செய்தி. அனுப்புகிறவர்கள் ஞாயிறு தவறாமல் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்கிறவர்கள். அந்த ஜெபம் கடவுளைப் பிதா என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. எந்தத் தகப்பனாவது பெற்ற பிள்ளையை இப்படி மிரட்டுவானா?

"சாமி கண்ணைக் குத்தும்" என்பது எல்லா மதத்து வீட்டிலும் கேட்கிற பேச்சு. கிறிஸ்தவ வீடுகளில் அது "இயேசப்பா அடிப்பார்" என்று ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஜெபம் கேட்டு வருகிற தாயிடம், "வீட்டில் என்ன பாவம்?" என்று விசாரிக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைச் சீடர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார் (லூக்கா 13). இதற்கு மேல் யாரிடம் விளக்கம் கேட்கிறீர்கள்?

"பயம் இல்லாவிட்டால் ஒழுக்கம் போய்விடும், சார்" என்பீர்கள். பள்ளிக்கூடத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவன் சொல்கிறேன். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை, அப்பாவுக்குப் பயந்த பிள்ளைதான். பயம் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும், திருந்தக் கற்றுக்கொடுக்காது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்கவும் மனம் நோகடிக்கவும் கூடாது என்கிறது. வாத்தியார் கையிலிருந்து பிடுங்கிய பிரம்பைக் கடவுள் கையில் கொடுக்கிறீர்களே, நியாயமா?

லூக்கா 15-ஐ நம் ஊர்க் கண்ணால் படியுங்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்டு வாங்கி, விற்றுத் தின்றுவிட்டுத் திரும்புகிறான் மகன். நம் பக்கத்தில் என்றால் பஞ்சாயத்து கூடும். அங்கேயோ அந்தப் பெரியவர் தூரத்திலேயே பார்த்து ஓடுகிறார். மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. மூத்தவன்தான் கணக்குப் பேசிக்கொண்டு வாசலில் நிற்கிறான். மிரட்டல் செய்தி அனுப்புகிறவர்கள் அந்த மூத்தவன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் "கடவுள் உன் அப்பா" என்று சொல்லிவிட்டு, "அடிப்பார்" என்றும் சேர்த்தால், அந்தப் பிள்ளை எங்கே போகும்?

அன்பான அப்பா என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பவர் என்றும் நான் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டில் "அப்பா" என்ற அரமேயச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. நமக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாத சொல். அதில் ஒன்று, கெத்செமனே தோட்டத்தில் இயேசு கலங்கி வேண்டியது. கேட்டபடி அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் அவர் கூப்பிட்டது "அப்பா" என்றுதான்.

ஆகவே அந்தச் செய்தி அடுத்த முறை வந்தால் அழித்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது. பிள்ளைகளிடம், "தப்பு செய்தாலும் ஓடிப்போய்ச் சொல்லலாம், அவர் அப்பா" என்று சொல்லிக்கொடுங்கள். மறுக்கிறவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

உங்கள் வாத்தியார்