முதலில் மண், பிறகு மருந்து

நைஜீரியாவின் சாம்ஃபாரா மாநிலத்தில், தங்கம் பொதிந்த பாறையை மாவு மெஷினில் போட்டு வீட்டு முற்றத்திலேயே அரைத்தார்கள். அந்தப் பாறையில் ஈயமும் மிகுதி. புழுதியில் விளையாடிய பிள்ளைகளின் வயிற்றுக்குள் அது போய்ச் சேர்ந்தது. 2010-இல் விஷயம் வெளியே தெரிந்தபோது, சில மாதங்களுக்குள் சுமார் 400 குழந்தைகள் இறந்திருந்தார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே, ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் சக்சிமர் கேப்சூல்களுடன் இறங்கியது. ஆனால் பாகேகா என்ற ஊரில், நச்சு மண்ணை அகற்றும்வரை சிகிச்சையைத் தொடங்க முடியாது என்று நின்றது. 2013-இல்தான் அங்கே மண் அள்ளும் வேலை நடந்தது. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அது சரியான முடிவு. மருந்து ஈயத்தை வெளியேற்ற வெளியேற்ற, பிள்ளை புழுதியோடு மறுபடி விழுங்கினால் என்ன பயன்?

உலோகத்தை மருந்தால் பற்றி வெளியேற்றும் இந்த முறையை, அதாவது கீலேஷனை, ‘டீடாக்ஸ்’ என்று பேக்கேஜ் போட்டு விற்பவர்கள் மறைப்பது இதைத்தான். கீலேஷன் உடம்பைக் கழுவும் வேலையே அல்ல. கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால்தான் பொதுவாக சக்சிமர் தருவார்கள். எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நாள். அடுத்து 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 14 நாள். பிறகு வழக்கமாக இரண்டு வாரமாவது இடைவெளி. எலும்பில் பதுங்கிய ஈயம் மீண்டும் இரத்தத்துக்கு வரும் என்பதால், மறுபடி சோதித்துவிட்டே அடுத்த சுற்று.

விழுங்கத் தெரியாத குழந்தைக்கு கேப்சூலைப் பிரித்து உணவில் தூவுவார்கள். கந்தக வாடை குமட்டும். வாந்தியும் தோல் தடிப்பும் கண்ணுக்குத் தெரியும். வெள்ளணு குறைவதும் கல்லீரல் நொதி ஏறுவதும் தெரியாது. அதனால்தான் வாராவாரம் இரத்தப் பரிசோதனை.

45-க்குக் கீழே? அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளிடம் நடந்த சக்சிமர் ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் கூடவில்லை.

மருந்து மாறினால் உயிரே போகும். 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவனுக்கு டைசோடியம் இடிடிஏ என்ற வேறொரு கீலேஷன் மருந்தை ஏற்றினார்கள். ஈயத்துக்கு உரியது கால்சியம் சேர்ந்த இடிடிஏ. ஏற்றியதோ இரத்தத்திலிருந்த கால்சியத்தையே பற்றிக்கொண்டது. இதயம் நின்று சிறுவன் இறந்தான்.

கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன்பின் பிடித்த சிறுநீரில் உலோகம் ‘அதிகம்’ என்று காட்டுவதும் வியாபாரத் தந்திரமே. மருந்து உள்ளே போனால் யாருக்கும் அந்த அளவு ஏறும். மருந்துக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை, உலோகம் எங்கிருந்து வருகிறது என்ற விசாரணை, இரண்டும் இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தரும் கிளினிக்குகளை அரசு அனுமதிக்கக் கூடாது.