ரோட்டரிக்குக் காது பொருத்துறது பற்றி

மொடிபை பண்ணின ஆர்எக்ஸ்-7 ஒன்றைச் சுற்றி நாலு பேர் கூடினால் அரை மணித்தியாலத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: எந்த நொக் சென்சர் போடலாம்? எங்களுக்குள்ளும் வந்தது. ஒருத்தர் மஸ்டா தந்த சென்சரே போதும் எண்டார். இன்னொருத்தர் பொஷ் தான் எண்டு ஒற்றைக்காலில் நின்றார். மூன்றாவது ஆள், ரோட்டரிக்கு நொக் சென்சரே வீண்செலவு எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். மூன்று பேரும் பாதிப் பாதி சரி எண்டுதான் எங்களுக்குப் படுகுது.

நொக் எண்டால் என்ன? ஸ்பார்க் பிளக் மூட்டின தீ முழுக்கப் பரவ முதலே, ஒரு மூலையில் கிடக்கிற பெற்றோல் கலவை சூடும் அமுக்கமும் தாங்காமல் தானாகப் பற்றி வெடிக்கிறது. சாதாரண பிஸ்டன் எஞ்சின் லேசான நொக்கைக் கொஞ்சக்காலம் பொறுத்துக்கொள்ளும். ரோட்டரிக்கு அந்தப் பொறுமை இல்லை. எஃப்டி ஆர்எக்ஸ்-7இல் வந்த 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினில், முக்கோண ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் இருக்கிற அபெக்ஸ் சீலின் தடிப்பு வெறும் 2 மில்லிமீற்றர். டர்போ அமுக்கத்தில் பலமான நொக் ஒன்றிரண்டு விழுந்தாலே அது உடையலாம். உடைஞ்ச துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறி, எக்ஸோஸ்ட் வழியாகப் போய், போற வழியில் டர்போவின் விசிறியையும் அடிச்சுப்போட்டுத்தான் வெளியேறும். ஒரு சீலோட முடியிற செலவில்லை இது.

இப்ப சென்சருக்கு வருவம். இதில் இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் மட்டும் கூடுதலாக அதிர்கிற மாதிரிச் செய்தது. பிஸ்டன் எஞ்சினுக்கு இது பொருந்தும், ஏனெண்டால் அங்கே எரியிற அறை வட்டம். சிலிண்டரின் விட்டத்தை வைத்தே நொக்கின் சுருதியைக் கணக்குப் போடலாம். 86 மில்லிமீற்றர் விட்டமெண்டால் கிட்டத்தட்ட 6.5 கிலோஹேர்ட்ஸ். ஆனால் ரோட்டரியின் அறை நீளமான, ஒடுங்கின, ஓடிக்கொண்டே வடிவம் மாறுற ஒரு பிறை. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. வேற எஞ்சினுக்கெண்டு சுருதி சேர்த்த சென்சரைக் கழட்டிக்கொண்டு வந்து பூட்டினால், அது தன்ர பாட்டைத்தான் பாடும்.

அதனால் எங்கட தெரிவு மற்ற வகை: பரந்த அதிர்வெண்களை ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கிற, நடுவில் ஓட்டையுள்ள, வடை மாதிரியான சென்சர். பொஷ்ஷும் இதைச் செய்யுது. எந்த அதிர்வெண்ணைக் கவனிக்கிறது எண்டதைப் பிறகு ஈசியூவில் தீர்மானிக்கலாம். ஒரு விதிவிலக்கு: பழைய ஈசியூவையே வைத்திருக்கிற ஆக்கள் பழைய சென்சரைத் தொடாதீங்கோ. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எண்டு செய்தது.

சென்சரின் பெயரை விட அதைப் பூட்டுற விதம் முக்கியம். ரோட்டர் ஹவுசிங்கிலேயே, பெயின்ற் சுரண்டின வெறும் உலோகத்தில், இடையில் வாசர் இல்லாமல், எம்8 போல்ட்டை 20 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கவேணும். இரண்டு ரோட்டருக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு இருக்கு. ஒரு பக்கத்துச் சென்சருக்கு மற்றப் பக்கம் மங்கலாகத்தான் கேட்கும். ஈசியூ இரண்டு வழிகளை ஏற்குமெண்டால் இரண்டு சென்சர் போடுங்கோ.

கனபேர் தவறவிடுற இடம் இனித்தான் வருது. பிஸ்டன் எஞ்சினை ரியூன் பண்ணேக்க, லேசாக நொக் வரும்வரை இக்னிஷனை முன்னுக்குத் தள்ளி, வந்ததும் பின்னுக்கு இழுக்கிறது ஒரு வழக்கமான முறை. ரோட்டரியில் அதைச் செய்து பார்க்க ஏலாது. நொக் எப்படிக் கேட்கும் எண்டு பழக முதலே எஞ்சின் போயிடும். அப்ப நாங்கள் பழகவேண்டியது நொக் இல்லாத சத்தத்தைத்தான். குறைஞ்ச பூஸ்ட், நல்ல பெற்றோல், பயமில்லாத ரைமிங். அதில் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் சென்சர் என்ன அளவு காட்டுது எண்டு பதிவுசெய்து, ஹெட்போனிலும் கேட்டு வைக்கவேணும். போர்ட் பெருசாக்கின எஞ்சினின் இரைச்சல் வேற, பெருசாக்காததின் இரைச்சல் வேற. பிறகு அந்த அளவைத் தாண்டி ஏதாவது எழும்பினால் அதைத்தான் சந்தேகப்படலாம்.

வீண்செலவு எண்டவர் சரியாகச் சொன்ன பாதி இதுதான்: ஈசியூ கேட்டுப்போட்டுத்தான் ரைமிங்கைக் குறைக்கும், ரோட்டரியில் முதல் நொக்கே கடைசி நொக்காகவும் இருக்கலாம். அதனால் காசு முதலில் போகவேண்டியது பெற்றோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இன்டர்கூலருக்கும். ஜப்பானில் ஹை-ஒக்டேன் எண்டு விற்கிறது வழக்கமாக 100. அதை நம்பி ரியூன் பண்ணின காரை இங்கே கொண்டுவந்து 95 ஊத்திப்போட்டு, சென்சர் இருக்குத்தானே எண்டு அமத்துறது காரோட செய்யிற சூதாட்டம். 92 பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

ஆனால் மற்றப் பாதி பிழை. பெற்றோல் பழசு, ஒரு இன்ஜெக்டர் அடைக்கத் தொடங்கியிருக்கு, வெக்கை நாளில் இன்டர்கூலர் களைச்சுப்போச்சு. இதுகள் சீலை உடைக்க முதல், பதிவில் சின்னச் சின்னப் பல்லாகத் தெரியக்கூடும். அதைப் பார்க்கிற ஆளுக்கு அந்தச் சென்சர் பெறுமதி. ஓடிப்போட்டு வந்து லொக்கைத் திறந்தே பார்க்காத ஆளுக்கு எந்தச் சென்சர் போட்டாலும் ஒன்றுதான்.

தேத்தண்ணி குடிக்கப் போனவர் இன்னும் மசியவில்லை. வாற ஞாயிறு ஹெட்போனை அவருக்குத்தான் முதலில் மாட்டிவிடுறதெண்டு இருக்கிறம்.